சிதறல் விளக்கப்படம்

இரு மாறிகளின் அளவுகளை இணை இணையாகப் புள்ளிகளில் குறித்து, அவற்றுக்கிடையே உள்ள உறவைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் வரைபடம் சிதறல் விளக்கப்படம். ஒரு மாறி கிடை அச்சிலும் மற்றது குத்து அச்சிலும் அமையும். புள்ளிக்கூட்டம் இடமிருந்து வலமாக ஏறிச் சென்றால் நேர் ஒட்டுறவு. இறங்கிச் சென்றால் எதிர் ஒட்டுறவு. திசையின்றிப் பரவிக் கிடந்தால் ஒட்டுறவு இல்லை. புள்ளிகள் ஒரு நேர்கோட்டை நெருங்க நெருங்க ஒட்டுறவு வலுப்பெறும்.

தோற்றம்

கோட்டு வரைபடத்தையும் பட்டை வரைபடத்தையும் 1786இல் பொருளியலுக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் பிளேஃபேர். சிதறல் படத்தின் முன்னோடியாகக் கருதப்படுபவரோ ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல். கன்னி விண்மீன் குழுவிலுள்ள ஓர் இரட்டை விண்மீன் பற்றி 1833இல் வெளியான ஆய்வில், ஆண்டை ஓர் அச்சிலும் இரு விண்மீன்களின் அமைவுக் கோணத்தை மறு அச்சிலும் குறித்தார். பழைய அளவீடுகளில் பிழை மலிந்திருந்ததால், புள்ளிகளினூடே சீரான வளைகோடு ஒன்றைக் கண்மதிப்பாக வரைந்து, அதிலிருந்தே சுற்றுப்பாதையைக் கணித்தார்.

வளர்ச்சி

பிரான்சிஸ் கால்டன் 1886இல் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டார். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்தோடு சமன்செய்தார். இந்த உயரங்களைத் தொகுத்த அட்டவணையில் எண்ணிக்கை ஒத்த இடங்களை இணைத்தபோது ஒருமைய நீள்வட்டங்கள் தோன்றின. மிக நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள், சராசரியாக, அவர்கள் அளவுக்கு நெட்டையாக இல்லை என்பதும் தெளிவாயிற்று. தொடர்புப் போக்கு என்னும் கருத்து இங்கே வேரூன்றியது. 1896இல் கார்ல் பியர்சன், ஒட்டுறவை −1 முதல் +1 வரை அளக்கும் கெழுவுக்குக் கணித வடிவம் தந்தார்.

எச்சரிக்கைகள்

உயர்ந்த கெழு காரணத்தை மெய்ப்பிக்காது. இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதமும் நாட்டின் இறப்பு விகிதமும் 1866–1911 காலத்தில் சேர்ந்தே குறைந்தன. அவற்றின் ஒட்டுறவு சுமார் 0.95 என 1926இல் உட்னி யூல் காட்டினார். காலப்போக்கில் இரண்டும் ஒரே திசையில் நகர்ந்ததே அதற்குக் காரணம்.

1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கம், தலா 11 புள்ளிகள் கொண்ட நான்கு தரவுத் தொகுதிகளை அமைத்தார். நான்கிலும் கெழு ஏறத்தாழ 0.816. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டையும் விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளியே திரிக்கிறது. படத்தை வரையாமல் கெழுவை மட்டும் கணிப்பவருக்கு இந்த நான்கும் ஒன்றே. ஆகவே முதலில் வரைவதும் பின்னர் கணிப்பதுமே நம்பத்தக்க முறை.