கெட்ட பெயர் வாங்கிய விமானம்

அப்பா பழைய கார் பார்க்கப் போனால் நானும் கூடவே போவேன். விற்பவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார், சீட்டைத் துடைத்துக் காட்டுவார். அப்பா கவனிக்கமாட்டார். "முதல்ல சேர்விஸ் புத்தகத்தைக் காட்டுங்கோ" என்பார்.

போன கோடையில் ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சின்ன விமானத்தளத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய விமானம் நின்றது. இறக்கை உடலுக்கு மேலே, அதுவும் மிகச் சிறியது. இரண்டு எஞ்சின், இரண்டு சுழலி. விமானம் ஓட்டப் பழகும் என் நண்பன் சொன்னான்: "அதில ஏறிடாதை. ஆட்களைக் கொல்லுற விமானம்."

அது மிட்சுபிஷி எம்.யூ-2. அவன் சொன்னது உண்மையா என்று தேடியபோது எனக்கு ஒரு நல்ல வரலாறு கிடைத்தது.

1945இல் போரில் தோற்ற ஜப்பான் விமானம் செய்யக் கூடாது என்று தடை வந்தது. போரில் பறந்த புகழ்பெற்ற ஸீரோ விமானத்தைச் செய்த மிட்சுபிஷியும் அந்த வேலையைக் கைவிட வேண்டியதாயிற்று. 1952இல் தடை நீங்கியது. அதன்பின் அந்த நிறுவனம் தானே வடிவமைத்த எம்.யூ-2, 1963 செப்டம்பரில் முதல்முறை பறந்தது. அது டர்போபுரொப் வகை. அதாவது ஜெட் எஞ்சின் போன்ற ஒன்று சுழலியைச் சுற்றும். வாங்கக்கூடியவர்கள் அமெரிக்க வணிகர்கள் என்பதால், பாகங்களை டெக்சாஸுக்குக் கொண்டுபோய் அங்கே பொருத்தி விற்றார்கள். 1986இல் உற்பத்தி நிற்கும்வரை 700க்கு மேல் செய்தார்கள்.

அந்த வணிகர்களுக்கு இரண்டு விஷயம் தேவைப்பட்டது: வேகமாகப் போகவேண்டும், குறுகிய ஓடுபாதையிலும் இறங்கவேண்டும். வேகத்துக்குச் சிறிய இறக்கை நல்லது. மெதுவாக இறங்கப் பெரிய இறக்கை வேண்டும். இரண்டும் எப்படி ஒன்றாக வரும்? மிட்சுபிஷி பொறியியலாளர்கள் சிறிய இறக்கையே வைத்தார்கள். இறங்கும்போது அதைப் பெரிதாக்க, பின்விளிம்பு முழுவதும் நீளும் மடிப்புகளை, அதாவது ஃபிளாப்களைப் பொருத்தினார்கள். மற்ற விமானங்களில் அந்த விளிம்பின் ஒரு பகுதியில் எய்லரோன் இருக்கும். விமானத்தை இடம் வலமாகச் சாய்ப்பது அதுதான். இங்கே அதற்கு இடமில்லை. அதனால் இறக்கையின் மேல் எழும்பும் ஸ்பாய்லர் என்ற தகடுகளை வைத்தார்கள்.

கெட்டித்தனமான வேலை. ஆனால் ஆபத்தும் அதே இடத்தில்தான் இருந்தது.

இடது எஞ்சின் நின்றுவிட்டது என்று வையுங்கள். விமானம் இடப்பக்கம் சாயும். விமானியின் கை தானாகவே சுக்கானை வலப்பக்கம் திருப்பும். சாதாரண விமானத்தில் அப்போது இடது இறக்கைக்குத் தூக்குவிசை கூடும். எம்.யூ-2இல் வலது இறக்கையின் ஸ்பாய்லர் எழும்பி, அந்த இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும். உயரம் மிகத் தேவைப்படும் நேரத்தில் உயரம் போகும். சரியான வழி வேறு: காலால் வால்சுக்கானை அழுத்தி, மிச்சச் சாய்வை அதற்கென்றே உள்ள சின்ன ட்ரிம் எய்லரோன்களால் சரிசெய்து, கையில் உள்ள சுக்கானை நேராக வைத்திருக்க வேண்டும். யாராவது சொல்லித் தராமல் இது வராது.

சொல்லித் தரவேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. அமெரிக்காவில் 5,670 கிலோவுக்குக் குறைவான இப்படிப்பட்ட விமானத்துக்குத் தனி உரிமச் சான்று தேவையில்லை. எம்.யூ-2இன் எடை அந்தக் கோட்டுக்குக் கீழே. ஆக, சாதாரண இரட்டை எஞ்சின் ஓட்டியவர் இதிலும் ஏறிப் பறக்கலாம். விபத்துகள் நடந்தன. 1980களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வடிவமைப்பை மறுபடி ஆராய்ந்து, விமானம் விதிகளுக்குப் பொருந்துகிறது என்றது. விபத்துகள் நிற்கவில்லை. பறக்கவே விடாதீர்கள் என்ற குரல்களும் எழுந்தன.

2005இல் மறுபடி ஒரு மதிப்பீடு. விமானம் விதிகளுக்குப் பொருந்துகிறது என்றே இந்தமுறையும் முடிவு வந்தது. ஆனால் இந்தத் தடவை ஓட்டுபவரையும் பார்த்தார்கள். 2008இல் சிறப்பு விதி வந்தது: எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே சரிபார்ப்புப் பட்டியல், ஆண்டுதோறும் மீள்பயிற்சி. அதன்பின் விபத்து விகிதம் நன்றாகக் குறைந்தது. இறக்கை அதே இறக்கை, ஸ்பாய்லர் அதே ஸ்பாய்லர்.

என் நண்பன் சொன்னது முழுப் பொய்யல்ல. ஆட்கள் இறந்தார்கள். ஆனால் "கெட்ட விமானம்" என்று சொல்லி முடித்திருந்தால் ஏன் இறந்தார்கள் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "விதிக்குப் பொருந்துகிறது" என்று முடித்தபோதும் அதுதான் நடந்தது. சரியான கேள்வி வர 20 வருடத்துக்கு மேல் போனது. அந்த வருடங்களில் இறந்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்று அப்படி ஒரு பழைய விமானத்தை மதிப்பிடுபவர் துருவைப் பார்ப்பார், எஞ்சின்கள் எத்தனை மணிநேரம் ஓடின என்று பார்ப்பார். இரண்டு எஞ்சினையும் கழற்றிப் புதுப்பிக்கும் செலவு சிலவேளை விமானத்தின் விலையையே தாண்டும். இத்தனையும் விமானத்தின் பதிவேட்டில் இருக்கும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப, ஓட்டுறவரின்ட புத்தகத்தையும் பார்க்கோணும், என்ன?"