துள்ளுமாரி நோயும் இராணிப்பேட்டைத் தடுப்பூசி நிலையமும்

துள்ளுமாரி என்பது ஆட்டின் குடலில் பெருகும் பாக்டீரியா சுரக்கும் நஞ்சால் உண்டாகும் நோயாகும். செம்மறியாடு, வெள்ளாடு ஆகிய இரண்டையும் இது தாக்கும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. ஆட்டுத்தோலால் வாழும் இவ்வட்டாரத்திலேயே ஆட்டைக் காக்கும் தடுப்பூசியும் தயாரிக்கப்பட்டு வந்துள்ளது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வலுவிழந்து வரும் இக்காலத்தில் அவ்வரலாறு நினைவில் கொள்ளத்தக்கது.

நோய் உண்டாகும் விதம்

இந்நோய்க்குக் காரணம் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்னும் பாக்டீரியாவின் 'டி' வகை. இந்தப் பாக்டீரியாவை அமெரிக்க மருத்துவர் வில்லியம் வெல்ச் 1892இல் விவரித்தார். நலமான ஆட்டின் குடலிலும் இது சிறு அளவில் இருக்கும், அப்போது தீங்கில்லை. முதல் மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை ஆடு வயிறு நிறைய மேயும்போதும், தானியத்தை அளவுக்கு மீறித் தின்னும்போதும் நிலைமை மாறுகிறது. செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலை அடைகிறது. அதை உண்டு பாக்டீரியா பெருகி, எப்சிலான் எனப்படும் நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சு இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. மாலையில் நன்றாக மேய்ந்து பட்டிக்குத் திரும்பிய ஆடு, விடியுமுன் துடித்து இறந்து கிடக்கும். மந்தையில் கொழுத்த ஆடுகளே முதலில் மடிவது இந்நோயின் தனித்தன்மை. வெள்ளாட்டில் சில வேளைகளில் கழிச்சலோடு நாட்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

1932

மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறியாடுகளைத் திடீரெனக் கொன்றுவந்த நோய்க்குக் குடலில் உண்டாகும் நஞ்சே காரணம் என்று பென்னெட்ஸ் என்ற கால்நடை அறிஞர் 1932இல் அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டில் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்து இராணிப்பேட்டையில் சீரம் நிலையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் மாடுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்த வெக்கை நோயை எதிர்ப்பதே அதன் முதல் வேலை. பின்னர் அது கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக வளர்ந்தது. அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோழிகளின் வெள்ளைக்கழிச்சல், ஆட்டம்மை ஆகியவற்றோடு துள்ளுமாரிக்கும் அங்கே தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியால் ஒரு கால்நடை நோயை அடியோடு அழிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

மருந்தைவிட ஊசி முந்துவது ஏன்?

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாக்டீரியாவைக் கொல்லும். ஏற்கெனவே இரத்தத்தில் கலந்துவிட்ட நஞ்சை முறிக்காது. துள்ளுமாரியில் அறிகுறி தெரிவதற்கும் ஆடு இறப்பதற்கும் இடையே சில மணி நேரமே இருப்பதால் மருத்துவத்துக்குப் பெரும்பாலும் அவகாசம் கிடைப்பதில்லை. எனவே மழைக்காலத்துக்கு முன்பே ஊசி போடுவது வழக்கம். செம்மறியாட்டைவிட வெள்ளாட்டில் ஊசியின் காப்பு குறைந்த காலமே நீடிக்கும். ஆகையால் அடுத்த தவணையைத் தவறவிடாமலும், தீவனத்தைத் திடீரென மாற்றாமலும் இருப்பது முக்கியம்.

தோலும் அடைப்பானும்

திடீரென இறந்த ஆடு துள்ளுமாரியால்தான் இறந்தது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது; அடைப்பான் நோயும் இப்படியே கொல்லும். ஆட்டை இழந்த ஏழை அதன் தோலையாவது விற்றுச் சிறிது பணம் பார்க்க நினைப்பது இயல்பு. ஆனால் அடைப்பான் கண்ட ஆட்டை உரித்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். உரிப்பவர் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும், இறைச்சியை உண்பவர் குடல் வழியாகவும் நோய் மனிதரைப் பற்றும். அதனால் ஐயத்துக்குரிய ஆட்டை அறுக்காமல், இரத்தப் பூச்சைச் சோதித்த பின்பே அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டும்.

தென்னிந்தியாவில் மனிதருக்கு வரும் அடைப்பான் நோயை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையினர் நெடுங்காலம் ஆராய்ந்தனர். பொதுவாகப் பெனிசிலினுக்குக் கட்டுப்படும் இக்கிருமியில் அம்மருந்தை எதிர்க்கும் தன்மை குறித்து லலிதா, தாமஸ் ஆகியோர் எழுதிய குறிப்பு 1997இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

மருந்து எதிர்ப்பு

ஆட்டுக்குட்டிகளின் கழிச்சலுக்கு எஷ்ரிக்கியா கோலி, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் மட்டுமன்றி வைரசுகளும் இரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணிகளும் காரணமாகின்றன. வைரசை நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றும் செய்யாது. காரணம் அறியாமல் கடையில் வாங்கிய மருந்தை அரைகுறை அளவில் கொடுத்தால், வலுக்குறைந்த பாக்டீரியாக்கள் மடிந்து எதிர்ப்புள்ளவை பெருகும். அவை தம் எதிர்ப்பு மரபணுவைப் பிற பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றும். சாணம், நீர், இறைச்சி வழியாக அது மனிதரையும் எட்டும். வாய்வழி கொடுக்கும் மருந்து ஆட்டின் பெருவயிற்றில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களையும் அழித்துவிடும்.

இந்தியா 2017இல் மருந்து எதிர்ப்புக்கு எதிரான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்துவது 2019இல் தடை செய்யப்பட்டது.

தடை ஒருபக்கம் இருக்க, நோயே வராமல் காப்பதுதான் மருந்தின் தேவையைக் குறைக்கும் நேர்வழி. உரிய காலத்தில் ஆட்டுக்குப் போடப்படும் ஒவ்வொரு ஊசியும் ஒரு குடும்பத்தின் முதலைக் காப்பதோடு, மனிதருக்குத் தேவையான மருந்தின் வலுவையும் காக்கிறது. 1932இல் இராணிப்பேட்டையில் தொடங்கிய பணியின் பயன் இன்றும் அதுவே.