அறிஞர் சித்தி லெப்பை கண்ட கனவு

நல்லெண்ணம் கொண்டோருக்கு நம் சமுதாயத்தில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை. கூடிப் பேசி, துஆ ஓதிக் கலைந்து, மறுநாள் அவரவர் கடையைத் திறக்கப் போய்விடுவதே நாம் பெரிதும் கண்ட காட்சி. கொண்ட நிய்யத்தை நிறைவேற்றத் தம் தொழிலையும் பொருளையும் ஈடு வைத்தவர்களை எண்ணத் தொடங்கினால் விரல்கள் மிஞ்சிவிடும். அந்தச் சிலருள் ஒருவர், 1838-ஆம் ஆண்டு இலங்கையின் கண்டி நகரில் பிறந்த மர்ஹூம் முகம்மது காசிம் சித்தி லெப்பை அவர்கள்.

தந்தையாரைப் போலவே சட்டத்துறையை மேற்கொண்டு, 1862-இல் அவர் புறக்டரானார். வழக்கறிஞருள் ஒரு பிரிவினரை அந்நாளில் இலங்கையில் அப்படித்தான் அழைப்பர். கண்டி மாநகர சபையிலும் அங்கம் வகித்தார். தமிழும் அரபும் ஆங்கிலமும் கைவரப் பெற்றவர். செல்வாக்குக்கோ வருவாய்க்கோ குறைவில்லை. நாற்பது வயதைக் கடந்த அப்படிப்பட்ட ஒருவர், இனி அமைதியாகக் காலம் கழிப்போம் என்று இருந்துவிட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரை உறங்கவிடாத கவலை ஒன்று இருந்தது. இலங்கைச் சோனகர்களின் பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்றதோடு படிப்பை முடித்துக்கொண்டு வாணிபத்திற்குப் போய்விடுவர். ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகளில் மிகப் பல பாதிரிமார் நடத்தியவை. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் என்னாவது என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. மதமாற்றம் அந்நாளில் கற்பனையாக இருக்கவில்லை. ஆயினும் நீதிமன்றமும் மருத்துவமும் அரசாங்க அலுவலும் ஆங்கிலம் கற்றோர் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அஞ்சி ஒதுங்கிய சமுதாயம் ஒவ்வோர் ஆண்டும் பின்தங்கியது.

மார்க்கக் கல்வியும் ஆங்கிலக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் அமைந்த பாடசாலையை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது சித்தி லெப்பை அவர்கள் கண்ட விடை. இன்று இது நமக்குச் சாதாரணமாகத் தோன்றும். அன்றோ ஆங்கிலம் என்ற சொல்லே பலருக்குக் கசந்தது.

சமுதாயம் இணங்கி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கிக் கல்வியின் தேவையை இடைவிடாது எழுதினார். அடுத்த மாதமே, எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோல்வியுற்ற அராபி பாஷா நாடு கடத்தப்பெற்றுக் கொழும்பில் வந்திறங்கினார். தம் நாட்டை இழந்து வந்த அந்தத் தளபதி, பிறர் நாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குத் தோள் கொடுத்தார் என்பதை நினைக்கையில் நெஞ்சு நெகிழ்கிறது. எகிப்தைக் களமாகக் கொண்டு சித்தி லெப்பை அவர்கள் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ 1885-இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல்களுள் ஒன்றாகவும், இலங்கைத் தமிழ் நாவல்களுள் முதலாவதாகவும் அது போற்றப்படுகிறது. ஆராய்ச்சியாளர் அவரைப் பெரிதும் நினைவுகூர்வது இந்நூலுக்காகவே. எம் கருத்தில் அவருடைய தலைசிறந்த படைப்பு ஏட்டில் எழுதியதன்று.

வருவாய் மிகுந்த தொழிலை ஒதுக்கிவைத்து, 1884-இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ‘அல் மத்ரஸத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமிய்யா’ என்ற பாடசாலையை நிறுவினார். அது நிலைக்கவில்லை. போதிய ஆதரவின்றிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி இது. அந்த வரிக்குள் அடங்கிய வேதனையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தொழிலை விட்டாயிற்று, பத்திரிகையில் ஊரறிய எழுதியாயிற்று, பாடசாலையோ பூட்டிக் கிடக்கிறது. ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்று சொல்ல ஆட்களுக்கா குறைவு!

அவர் விடவில்லை. கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் கல்விக்கு வழிசெய்தார். அப்பணியில் அவருடைய சகோதரியார் துணை நின்றார். 1891-இல் கொழும்பில் முஸ்லிம் கல்விச் சபை ஒன்று அமைந்தது. இம்முறை துணைக்கு வந்தவர் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு அரும்பொருட்காட்சிச் சாலையைக் கட்டி எழுப்பியவர் அவரே. அதற்குப் பரிசாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அதனை மூடி வைத்தால் போதும் என்றாராம்! நிர்வாகம் அறிந்த அந்தக் கைகளில் எண்ணம் உருப்பெற்றது. 1892 ஆகஸ்ட் 22-ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி மத்ரஸத்துஸ் ஸாஹிரா திறக்கப்பெற்றது. அராபி பாஷா அதன் புரவலர். வாப்பிச்சி மரிக்கார் அதன் முதல் முகாமையாளர். கனவு கண்டவர் ஒருவர், அதைக் கட்டி நடத்தியவர் மற்றொருவர். இதில் சித்தி லெப்பை அவர்களுக்குத் துளியும் குறையில்லை. பணி நடந்தால் போதும், பெயர் யாருடையதாயினும் சரி என்பது எல்லாருக்கும் வாய்க்கும் மனமன்று.

பாடசாலை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்ததைக் கண்ணாரக் கண்டபின், 1898 பிப்ரவரி 5-ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் அவர் இறையடி சேர்ந்தார். அந்த மத்ரஸாவே ஸாஹிராக் கல்லூரி ஆயிற்று. 1921 முதல் 1948 வரை டி.பி. ஜாயாவும், அவரையடுத்து யாழ்ப்பாணத்து அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸும் அதிபர்களாக இருந்து அதனைப் பெருநிறுவனமாக வளர்த்தனர். மருதானையில் அதே பள்ளிவாசலின் அருகில் இன்றும் மாணவர்கள் பயின்று வருகின்றனர்.