படம் முடிந்த பிறகு என்ன? மலையக இளைஞர்களும் திரைப்படமும்

ஹட்டன், நுவரெலியா பகுதித் தோட்டங்களில் இளைஞர்களைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள்: இடையில் நின்ற படிப்பு, கொழும்பில் கடை வேலை, கசிப்பு, போதைப்பொருள். இளைஞர்களிடம் நேரே கேட்டால் பதில் வராது. அப்பாவின் குடியையும் வீட்டுக் கடனையும் வெளியாளிடம் யார் சொல்வார்கள்? ஆனால் திரையில் வரும் ஒருவனின் குடியைப் பற்றித் தயங்காமல் பேசுவார்கள். உளசமூகப் பணியில் திரைப்படம் பயன்படுவது இதனால்தான்.

ஊடகக் கற்கை படித்தவள் என்ற வகையில் நான் வலியுறுத்துவது ஒன்றே: படம் மட்டும் யாரையும் மாற்றாது. அதன் பின்னர் நடக்கும் பேச்சுத்தான் மாற்றத்தைத் தொடங்கும்.

பாலாவின் 'பரதேசி' (2013) நல்ல உதாரணம். தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் எழுதிய ஆங்கில நாவலைத் தழுவியது. ஆசை காட்டி அழைத்துச் செல்லும் கங்காணி, தீராத கடன், வெளியேற வழியில்லாத தோட்டம் என்று எமக்குத் தெரிந்த கதை. முடிவோ முழு இருள். அத்துடன் கலைந்தால் கையறுநிலைதான் மிஞ்சும். ஆகவே ஒருங்கிணைப்பாளர் கேட்க வேண்டும்: "கங்காணியிடம் அந்த ஊரார் என்ன கேட்டிருக்கலாம்? இன்று கங்காணியின் இடத்தில் நிற்பது யார்?" அப்போது வெளிநாட்டு முகவரும் நுண்கடனும் தாமாகவே பேச்சில் வரும்.

பத்துப் பதினைந்து பேர் போதும். யாரையும் பேசக் கட்டாயப்படுத்தக் கூடாது. முதலில் பாத்திரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். சொந்தக் கதையை அவர்களே விரும்பினால் சொல்லட்டும். அறிவுரை கூறத் தொடங்கினால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

அடுத்த படி, கமராவை அவர்கள் பக்கம் திருப்புவது. 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் மீனவர்களை இடம்பெயர்க்கும் பேச்சு எழுந்தபோது, கொலின் லோ என்ற இயக்குநர் அவர்கள் பேசுவதைப் படமாக்கி ஊர் ஊராகத் திரையிட்டார். அமைச்சருக்கும் காட்டப்பட்டது; அவர் படத்திலேயே பதிலளித்தார். பிரிந்திருந்த ஊர்கள் ஒன்றாகிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தன, தீவிலேயே தங்கினார்கள். இன்று அதற்கு ஒரு கையடக்கத் தொலைபேசி போதும். ஒழுகும் லயத்தையும் பாடசாலைக்கான நீண்ட நடையையும் அதில் வாழ்பவர்களே படமாக்கலாம். முகம் காட்டுவோரின் சம்மதம் மட்டும் கட்டாயம்.

எல்லையும் உண்டு. பிரேசிலின் 'சிட்டி ஒஃப் கோட்' (2002) படத்துக்காகச் சேரி இளைஞர்கள் பலர் நடிப்புப் பயிற்சி பெற்றனர். பத்து ஆண்டுகளின் பின் அவர்களைத் தேடிச் சென்ற ஆவணப்படம், சிலர் நடிகர்களானதையும் சிலர் பழைய வறுமையிலேயே இருந்ததையும் காட்டியது. தொழிற்பயிற்சியும் வேலையும் கூடவே வராவிட்டால் திரை தந்த நம்பிக்கை நிலைக்காது.

1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிக்குப் போய்ப் பின்னர் போரிலும் சிக்கிய குடும்பங்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகளுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் குண்டுவீச்சுக் காட்சிகளை முன்னறிவிப்பின்றிக் காட்டாதீர்கள். எழுந்து போக விரும்புபவருக்குக் கதவு திறந்திருக்கட்டும். பேச்சில் தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை உடனே அழையுங்கள்.