நாலு பாக்கெட் அப்பளத்தில் தொடங்கிய வரலாறு

நம்ம மாதிரி பெண்கள் சேர்ந்து தொழில் நடத்திய ஒரு வரலாற்றை இந்த மலரில் எழுதுகிறேன்.

1959 மார்ச் 15-ம் தேதி பம்பாய் கிர்காமில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் குஜராத்திப் பெண்கள் ஏழு பேர் கூடி அப்பளம் இட்டார்கள். எல்லாரும் குடும்பப் பெண்கள், தெரிந்த தொழில் சமையல்தான். கையில் முதல் இல்லாததால், சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். அன்றைக்குத் தயாரானது நாலே பாக்கெட். தெரிந்த வியாபாரி ஒருத்தர் வாங்கிக்கொண்டார். அதுதான் இன்றைக்கு நாடே அறிந்த லிஜ்ஜத் அப்பளம்.

ஆரம்பத்தில் உசத்தி ஒன்று, விலை குறைவாக ஒன்று என இரண்டு தரம் போட நினைத்தார்கள். பாரேக் ஐயா, "ஒரே தரம் போடுங்க, அதில் எந்தக் காலத்திலும் இறங்காதீங்க" என்கிற மாதிரி புத்தி சொன்னார். அதையே பிடித்துக்கொண்டார்கள். நஷ்டம் வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்றும் முடிவெடுத்தார்கள்.

முதல் வருஷம் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலையை நிறுத்திவிட்டார்கள். மறு வருஷம் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டில் மேலே அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டிக் காய வைத்தார்கள். அந்த முதல் வருஷத்து விற்பனை 6,196 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'லிஜ்ஜத்' என்ற பெயரே 1962-ல்தான் வைத்தார்கள். குஜராத்தியில் ருசி என்று அர்த்தம். ருசி முதலில் வந்தது, பெயர் மூன்று வருஷம் கழித்து வந்தது. தொலைக்காட்சியில் வந்த முயல் பொம்மை விளம்பரம் அதற்கும் ரொம்பப் பின்னால்தான்.

ஆயிரக்கணக்கான கை இட்டாலும் ருசி மாறாததற்குக் காரணம் அவங்க வேலை முறை. மாவை மையத்தில் ஒரே அளவில் பிசைந்து கொடுப்பார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் இட்டு, காயவைத்து, மறுநாள் கொண்டு வருவார்கள். அங்கே சரிபார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். உறுப்பினர் எல்லாரும் பங்குதாரர்கள். இப்போது சுமார் 45,000 பெண்கள் இருக்கிறார்கள். தொடங்கிய ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. நம்ம கூட்டங்களில் பளபளக்கும் பை, புது லேபிள் என்ற பேச்சுதான் அதிகம். பை நல்லா இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. பையைப் பார்த்து ஒரு தடவை வாங்குவாங்க. மறுதடவை வாங்குவது உள்ளே இருக்கிற மசாலாத்தூளை வைத்துத்தான். ஒரு குழு தூளில் மல்லி தூக்கலாகவும், இன்னொரு குழு தூளில் உப்பு தூக்கலாகவும் இருந்தால், ஒரே லேபிள் ஒட்டியதால் கெட்ட பெயர் எல்லாருக்கும்தான் வரும். வங்கிக் கடனோ எல்லார் பெயரிலும் இருக்கு. போன வருஷப் பையின் மாடல் இந்த வருஷம் பழசாகிவிடும், அதற்குப் போட்ட பணம் திரும்பி வராது.

அதனால் என் யோசனை இது. முதலில் ஒரே அளவு, ஒரே பக்குவம் என்று எழுதி எல்லாக் குழுவுக்கும் கொடுப்போம். ஒவ்வொரு ஈட்டையும் ருசி பார்த்த பிறகே பையில் போடுவோம். மிச்சப் பணத்தில் லேபிளைப் பற்றிப் பேசலாம்.