மரப்பெட்டிக்குள்ள ஒரு கேசட் ப்ளேயர்: கொடுமுடி அம்பாசடரின் கதை

போன வாரம் எபிசோட் ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கொடுமுடியில எங்க அப்புச்சியோட காருக்குள்ள, டேஷ்போர்டுக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு இருந்தேன். அதுதான் காரணம், இன்னிக்கு எபிசோடும் அதுதான்.

வண்டி 1962 அம்பாசடர். இன்னும் ஓடுது. எண்பதுகள்ல எங்க பெரிய மாமா துபாயிலிருந்து வரும்போது ஒரு கேசட் ப்ளேயர் கொண்டுவந்து அதுல மாட்டினார். மாட்டின விதம்தான் விசித்திரம். டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு மரப்பெட்டி, அதுக்குள்ள ப்ளேயர், சுத்தி சைக்கிள் டியூப் ரப்பர். ரேடியோ பட்டன் இருந்தும் ரேடியோ எடுக்கவே எடுக்காது, ஏன்னா ஆன்டெனா ஒயர் மாட்டவே இல்ல. பசங்க யாராவது பெட்டிகிட்ட கைய கொண்டுபோனா அப்புச்சி, "தொடாத சாமி, வண்டி எரிஞ்சு போயிரும்"னு கத்துவார். நாப்பது வருஷமா இத நாங்க அவரோட பிடிவாதம்னே நெனச்சோம்.

ப்ளேயர் செத்து ரொம்ப நாளாச்சு. உள்ள சிக்கின கேசட்டும் வரல. அது கே.பி.சுந்தராம்பாள் பாட்டு. 1908ல இதே கொடுமுடியில பொறந்தவங்க, 1935ல வந்த 'நந்தனார்' படத்துக்கு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினவங்க. எங்க ஊர்ல அவங்க பேச்செடுத்தா எபிசோட் முடியாது, விடுங்க. அமுச்சிக்கு ஒரே ஆசைதான்: மகுடேஸ்வரர் கோயிலுக்குப் போறப்ப கார்ல ரேடியோ கேக்கணும். நான் ஒரு ப்ளூடூத் ஸ்டீரியோ வாங்கிட்டுப் போனேன். மரப்பெட்டியக் கழட்டி ஓரமா வெச்சேன். புது ஸ்டீரியோவோட இரும்புச் சட்டத்த நேரா வண்டி பாடியில ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். கறுப்பு ஒயரு எர்த்துதானேன்னு அதையும் பாடியிலயே சேத்தேன். பேட்டரிய மாட்டி சாவியத் திருப்பினா படார்னு ஒரு சத்தம், கருகின வாசம். ஸ்டீரியோவோட ஃப்யூஸ் போயிருந்துச்சு. அதோட போச்சேன்னு இப்ப நிம்மதியா இருக்கு.

அப்புச்சி ஒண்ணுமே பேசல. அதுதான் பயமா இருந்துச்சு.

மறுநாள் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். மல்டிமீட்டர வெச்சுப் பாத்துட்டுச் சிரிச்சார். "தம்பி, இது ப்ளஸ் எர்த் வண்டிங்க."

இங்கதான் வரலாறு. இன்னிக்கு கார்கள்ல பேட்டரியோட மைனஸ் முனை பாடியோட சேர்ந்திருக்கும். பாடியே ஒரு பெரிய ஒயர் மாதிரி. பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல இது தலைகீழ்: ப்ளஸ்தான் பாடியில. முப்பதுகள்ல லூகாஸ் கம்பெனி அந்தப் பழக்கத்துக்கு மாறுச்சு. பேட்டரி முனை அரிக்கிறது குறையும், ஸ்பார்க் ப்ளக் நல்லா உழைக்கும்னு காரணம் சொன்னாங்க. அமெரிக்காவுல ஃபோர்டு கூட 1955 வரைக்கும் ப்ளஸ் எர்த்தான். அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோட வாரிசு, அதனால அந்த வழக்கமும் கூடவே வந்துருச்சு.

அந்தக் காலத்து கார் ரேடியோவுக்கு இது பெரிய பிரச்சினை இல்ல. சிகாகோவுல கால்வின் சகோதரர்கள் 1930ல கார் ரேடியோ விக்க ஆரம்பிச்சாங்க, மோட்டோரோலாங்கிற பேரே அதுலதான் வந்துச்சு. அந்த மாதிரி செட்டெல்லாம் வால்வு. வால்வுக்கு இருநூறு வோல்ட் போல வேணும். பேட்டரி கரண்ட்ட ஒரு வைப்ரேட்டர் வெட்டி வெட்டி விடும், ட்ரான்ஸ்ஃபார்மர் ஏத்திக் கொடுக்கும். ப்ளஸ், மைனஸ் மாத்திக்கிற வசதி பல செட்டுலயே இருந்துச்சு. நம்ம கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு பஸ் ஓட்டினவர்; அவரே 1941ல ஐந்து வால்வு ரேடியோவ 70 ரூபாய்க்கு செஞ்சு தர முடியும்னு அறிவிச்சார். ஆனா நம்ம ஊர்ல கார் ரேடியோ பெரும்பாலும் பணக்காரங்க சமாச்சாரமாவே இருந்துச்சு. ரேடியோ வெச்சுக்க போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டணும், எண்பதுகளோட நடுப்பகுதி வரைக்கும்.

அப்புறம் ட்ரான்சிஸ்டர், ஆல்டர்னேட்டர். அதுல இருக்கிற டயோடு தலைகீழா மாட்டினா பொறுத்துக்காது. எல்லாரும் ஒரே பக்கம் போனாத்தான் நல்லதுன்னு அறுபதுகள் முடியிறதுக்குள்ள பிரிட்டிஷ் கம்பெனிகளும் மைனஸ் எர்த்துக்கு வந்துட்டாங்க. பிலிப்ஸ் 1963ல பெர்லின்ல கேசட்ட காட்டினது இதுக்கு நடுவுலதான்; வளைகுடாவிலிருந்து பெட்டி பெட்டியா ப்ளேயர் வந்தது இதுக்கு அப்புறம் நடந்த கதை. அப்ப மாமா கொண்டுவந்த ப்ளேயரும் மைனஸ் எர்த். அதோட இரும்புக் கூடு இந்த வண்டி பாடியத் தொட்டா நேர் ஷார்ட்.

மரப்பெட்டி எதுக்குன்னு இப்ப புரியுதா? ப்ளேயரோட சிவப்பு ஒயர பாடியில, கறுப்ப பேட்டரி மைனஸ்ல குடுத்து, கூட்ட மரத்துலயும் ரப்பர்லயும் தனியா நிறுத்தியிருக்காங்க. ஆன்டெனா கேபிளோட வெளிக்கம்பி ப்ளேயர் கூட்டோட சேர்ந்தது. ஆன்டெனாவ பாடியில மாட்டினா அது வழியா ஷார்ட் ஆகும். அதனால ரேடியோவையே விட்டுட்டாங்க. எந்தப் புத்தகத்தையும் பாக்காம இத யோசிச்ச அந்த மெக்கானிக் யாருன்னு அப்புச்சிக்கே மறந்துபோச்சு.

இப்ப ரெண்டு வழி. மறுபடியும் மரப்பெட்டி, ரேடியோ இல்லாம. இல்லாட்டி வண்டியையே மைனஸ் எர்த்தா மாத்தணும். அப்புச்சி "பெட்டியே போதுங்கண்ணு"ன்னார். அமுச்சி, "அறுபது வருசமா அந்தக் கார்ல ஊமையாட்ட ஒக்காந்திருக்கேன்"னாங்க. அதுக்கு மேல அவர் பேசல.

மாத்துறது நெனச்ச அளவு கஷ்டமில்ல, பின்னால வேணும்னா திரும்பவும் மாத்தலாம். பேட்டரியத் திருப்பி வெச்சு கேபிள மாத்தணும். இக்னிஷன் காயில் ஒயர் ரெண்டையும் இடம் மாத்தணும். ஆம்மீட்டர் ஒயரையும்தான், இல்லேன்னா முள்ளு தலைகீழா ஓடும். ஸ்டார்ட்டர் மோட்டார் எப்படியும் சுத்தும். டைனமோவுக்கு மட்டும் புது திசைய 'சொல்லிக்' குடுக்கணும்: ஃபீல்டு ஒயரக் கழட்டி, அந்த முனையில பேட்டரி ப்ளஸ்ஸ ஒரு நொடி தொட்டு எடுக்கணும். சின்னப் பொறி, அவ்வளவுதான்.

அதுக்கப்புறமும் நான் ஒரு தப்புப் பண்ணேன். ஸ்டீரியோவோட சிவப்பு ஒயர வண்டியில இருந்த சிவப்போட முறுக்கினேன். பார்க் லைட் போட்டாத்தான் பாட்டு வந்துச்சு! லூகாஸ் கணக்குல சிவப்பு பார்க் லைட்டுக்கு. சாவியோட வர்றது வெள்ளை, ஃப்யூஸ் வழியா வந்தா பச்சை. எப்பவும் கரண்ட் இருக்கிறது பழுப்பு. இன்னிக்கு ஸ்டீரியோவுல எப்பவும் கரண்ட் வேணுங்கிறது மஞ்சள்.

டேஷ்போர்டுல 180க்கு 50 மில்லிமீட்டர் ஓட்டை வெட்ட அப்புச்சி விடல. நானும் கேக்கல. அதே மரப்பெட்டியில புது ஸ்டீரியோ உக்காந்திருக்கு, ரப்பர் இல்லாம.

அன்னிக்கு சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். கொடைக்கானல் எஃப்எம் பளிச்சுனு எடுத்துச்சு. அமுச்சி சத்தத்தக் கூட்டச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்புச்சி ரோட்டையும் ஆம்மீட்டரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே ஓட்டினார். டைனமோ முழு வேகத்துலயே இருபது ஆம்ப்தான் தரும், ஹெட்லைட்டும் போட்டுட்டு கேட்டுல நின்னா பேட்டரிதான் எறங்கும். ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு. அவர் ஹெட்லைட்ட அணைச்சார், ரேடியோவ அணைக்கல.