முட்டையில்லாப் புடிங்



1998இல் ஷார்ஜாவில் எங்கள் ஒன்றுகூடலுக்கு 60 பேர். விடுமுறை வெள்ளிக்கிழமை, எங்களில் பலருக்கு அது மரக்கறி நாள். சமையலறையில் போறணையும் இல்லை. வாழைப்பழப் புடிங் செய்தோம்.

கணக்காளன் என்பதால் அளவு இன்றும் நினைவில் நிற்கிறது: பால் 6 லீற்றர், வாழைப்பழம் 30, மாரி பிஸ்கட் 180. கஸ்ரட் மாவை முதலில் குளிர்ந்த பாலில் கரைக்காவிட்டால் கட்டி விழும். காய்ச்சியபின் பிஸ்கட், பழம், கஸ்ரட் என்று அடுக்கவேண்டும். பழம் வெளியே தெரிந்தால் கறுத்துவிடும். கடைசி அடுக்கு கஸ்ரட்தான்.

அந்த மாவில் முட்டை இல்லை. 1837இல் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் அல்பிரட் பேர்ட் என்ற மருந்தாளர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவில் செய்தது. மாரி பிஸ்கட், ரஷ்ய இளவரசி மரியாவின் திருமணத்தையொட்டி 1874இல் லண்டனில் வந்தது. வாழை எங்கள் பக்கத்துப் பயிர். அது ஆபிரிக்கா கடந்து, 1516இல் கனேரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் போனது. பின்னர் அமெரிக்காவில் புடிங்கில் சேர்ந்தது.

"அப்பா, இது எங்கட சாப்பாடா?" என்று மகள் கேட்டாள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. அன்றைய 60 பேரில் மரக்கறிக்காரர் ஒருவரும் தட்டைத் தள்ளவில்லை என்பதை இப்போது நினைக்கிறேன். ஓம் பிள்ளை, எங்கட சாப்பாடுதான்.